ஓட்டைக் கூட்டின் நேர்த்தி

உள்ளே போனது வெளியே வரக்கூடாது. பொறியை மெச்சுவதற்கு எலிப்பொறி நமக்குக் கற்றுத்தந்த அளவுகோல் இதுதான். அமெரிக்காவின் வடகிழக்கே, மேய்ன், நியூ ஹாம்ப்ஷயர் கடலோரங்களில் சிங்கி இறாலுக்குப் போடும் கம்பிக்கூட்டை இந்தக் கோலால் அளந்தால் அது படுதோல்வி. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூட்டின்மேல் கேமராவைப் பொருத்திக் கடலடியில் இறக்கிப் பார்த்தார்கள். உள்ளே நுழைந்த சிங்கிகளில் 94 சதவீதம் தப்பிப் போய்விட்டன என்று 2001இல் எழுதினார்கள். ஆனாலும் மீன்பிடிக் கருவிகளில் இந்தக் கூட்டுக்கு உயர்ந்த இடம் தருவேன். அதற்குக் காரணமும் இந்த ஒழுகல்தான்.

கூட்டுக்குள் இரண்டு அறைகள். முதல் அறையின் பக்கவாட்டில் உள்நோக்கிக் குறுகும் வலைவாய்கள்; நடுவே உப்பிட்ட ஹெர்ரிங் மீன் அடைத்த இரைப்பை. மீனவர்கள் இதைக் ‘கிச்சன்’ என்பார்கள். இங்கே தின்ற சிங்கி, மேலேறும் இன்னொரு வலைவாய் வழியாக ‘பார்லர்’ என்ற அடுத்த அறைக்குப் போய் மாட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. சிங்கியின் கணக்கு வேறு. வாசனை பிடித்து வரும் அது உடனே நுழைவதில்லை; கூட்டைச் சுற்றி வருகிறது, உணர்கொம்பால் கம்பியைத் தடவுகிறது. முந்தி நுழைந்தது இரையருகே நின்றுகொண்டு, பின்னால் வருவதைக் கொடுக்கு உயர்த்தி விரட்டுகிறது. தின்று முடித்ததும் வந்த வழியே நடையைக் கட்டுகிறது. தப்பியவற்றில் 72 சதவீதம் போனது நுழைவாய் வழியாகத்தான். மற்றவை, சின்னவை வெளியேறவென்றே சட்டப்படி வைத்த திறப்பின் வழியாக.

நுழைவாயே வழிவிடுவது வடிவமைப்பின் குறை, அதைக் கலை என்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இந்தத் தளர்வை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. ஆனால் கருவியின் நேர்த்தியை அதன் இறுக்கத்தை மட்டும் வைத்து அளக்கக்கூடாது. சிங்கி தன் இனத்தையே அடித்துத் தின்னும் பிராணி. போனதெல்லாம் உள்ளேயே அடைபட்டால் கொடுக்கு முறிந்த சரக்குதான் மிஞ்சும். உள்ளே நிற்பதைக் கண்டு வெளியே இருப்பதும் தயங்கும். மேய்னில் கண்குழியிலிருந்து முதுகோட்டின் பின்விளிம்பு வரை 3¼ அங்குலத்துக்குக் குறைந்ததையும் 5 அங்குலத்தைத் தாண்டியதையும் கடலில் விட்டாக வேண்டும். முட்டை சுமக்கும் பெண்ணையும் அப்படியே. கூட்டில் வந்தது உயிரோடு, பெரும்பாலும் ஊனமில்லாமல் வருவதால்தான் இந்தச் சட்டத்துக்குப் பொருள் உண்டு. கடலடியை வாரி வரும் இழுவைமடியில் இப்படிப் பொறுக்கி எடுத்துத் திருப்பி விடுவது எளிதல்ல.

மேய்னில் சிங்கி பெருகியதற்குக் காரணம் கூடு அல்ல, சிங்கியைத் தின்ற காட் மீன் அருகியதும் கடல் வெதுவெதுப்பானதும்தான் என்பார்கள். அது பெருமளவு உண்மை. பெருக்கத்தின் புகழைக் கூட்டுக்கு நான் கேட்கவில்லை. கயிறறுந்து தொலைந்த கூடு கடலடியில் கொன்றுகொண்டே இருக்கும் என்பதும் மெய். அதற்காகத்தான் நாளடைவில் மக்கித் திறந்துகொள்ளும் பலகம் கட்டாயமாக்கப்பட்டது. மிதவைக் கயிற்றில் திமிங்கிலம் சிக்குவதற்கு மட்டும் கூட்டின் பக்கம் முழு விடை இன்னும் இல்லை. அந்தக் கறையோடு சேர்த்தே சொல்கிறேன்: தேவையானதை எடுத்து மற்றதைச் சேதமின்றி விடும் கருவியே நல்ல கருவி. பிடிபட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒரு கூட்டை மதிப்பிடாதீர்கள். அது எதையெல்லாம் போகவிடுகிறது என்றும் கேளுங்கள்.