மணல் ஈயும் கருங்காய்ச்சலும்: சான்று எங்கே?

"காலா அசார் நோயைப் பரப்பும் பூச்சி எது?" என்று தேர்வில் கேட்டால் "மணல் ஈ" என்று எழுதி ஒரு மதிப்பெண் பெற்றுவிடலாம். விடை சரியானதே. ஆனால், "அது எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நம்மில் பலர் விழிக்க நேரிடும். பொது அறிவு நூல்கள் ஒட்டுண்ணியின் பெயர், பூச்சியின் பெயர், நோயின் பெயர் மூன்றையும் ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரியை எழுதுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன என்பதை அவை சொல்வதில்லை.

அந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சியையும், அதற்குப் பின் வந்த எண்பது ஆண்டு முயற்சிகளையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்ப்போம். ஊகத்துக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த அளவுக்கு மதித்தார்கள் என்பதே அந்த அளவுகோல். முற்பகுதியில் தட்டுத் தடுமாறியேனும் மதித்தார்கள். பிற்பகுதியில் அடிக்கடி மறந்துவிட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் முடிவு. அது சரிதானா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

நோயும் ஒட்டுண்ணியும்

வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், வீங்கிப் பெருக்கும் மண்ணீரல், இரத்தசோகை, உடல் மெலிவு ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். மருத்துவம் செய்யாவிட்டால் பெரும்பாலும் மரணத்தில்தான் முடியும். தோல் கறுத்துப் போவதால் வட இந்திய மக்கள் இதைக் 'காலா அசார்', அதாவது கருநோய் என்று அழைத்தனர். நாம் கருங்காய்ச்சல் என்கிறோம்.

இந்தியாவில் பணியாற்றி நோயுற்றுத் திரும்பிய ஒரு போர்வீரர் 1900-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இறந்தார். அவரது மண்ணீரலில் மிக நுண்ணிய உருண்டைகளை வில்லியம் லீஷ்மன் என்ற இராணுவ மருத்துவர் கண்டார். 1903-இல் அதைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், இறந்தவர் உடலில் மட்டுமன்றி உயிருள்ள நோயாளியின் மண்ணீரலிலும் அவற்றைக் கண்டார். மலேரியா ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் இணைத்து 'லீஷ்மேனியா டோனவனி' என்று பெயர் சூட்டினார். ஒட்டுண்ணி கிடைத்துவிட்டது. அது ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு எப்படிப் போகிறது?

மூட்டைப்பூச்சி மீது விழுந்த பழி

1904-இல் கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ், நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்த இரத்தத்தைக் குளிர்ந்த சூழலில் வைத்துப் பார்த்தார். உருண்டையாக இருந்த ஒட்டுண்ணி நீண்டு, சாட்டை போன்ற இழை ஒன்றை வளர்த்துக்கொண்டு நீந்தத் தொடங்கியது. அது ஏதோ ஒரு பூச்சியின் உடலுக்குள் எடுக்கும் உருவமாக இருக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. ஏழைகளின் வீடுகளில் மலிந்து கிடந்த மூட்டைப்பூச்சி மீது ஐயம் விழுந்தது.

சென்னையில் பணியாற்றிய பாட்டன் என்ற ஆய்வாளர் நோயாளிகளை மூட்டைப்பூச்சிகள் கடிக்கும்படி செய்து, பிறகு பூச்சிகளின் குடலைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒட்டுண்ணி சாட்டையிழையுடன் நீந்திக்கொண்டிருந்தது! 1907-இல் அவர் இதை வெளியிட்டார். வழக்கு முடிந்தது என்றே பலர் கருதினர்.

இங்கேதான் மாணவர்கள் நின்று சிந்திக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் வளரும் ஒட்டுண்ணி, குளிர்ந்த இரத்தம் நிறைந்த பூச்சிக் குடலிலும் வளர்வதில் வியப்பென்ன? மூட்டைப்பூச்சியின் வயிறு அதற்கு மற்றொரு சோதனைக் குழாய், அவ்வளவே. பூச்சிக்குள் ஒட்டுண்ணி இருப்பது ஒரு செய்தி; பூச்சி நோயைப் பரப்புகிறது என்பது வேறொரு செய்தி. முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதை முடிவு செய்ததால், மூட்டைப்பூச்சிக் கொள்கை பல ஆண்டுகள் ஆராய்ச்சியைத் தன் பின்னாலேயே இழுத்துச் சென்றது.

உலர்ந்த திராட்சை செய்த உதவி

மணல் ஈ மீது ஐயம் எழுந்தது வரைபடத்தால்தான். இந்தியாவில் காலா அசார் காணப்படும் பகுதிகளும், 'பிளபாட்டமஸ் அர்ஜென்டிபெஸ்' என்னும் மணல் ஈ வாழும் பகுதிகளும் பெரிதும் ஒத்திருப்பதை 1920-களில் சிண்டன் சுட்டிக்காட்டினார். 1924-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகியோர், நோயாளியைக் கடித்த இந்த ஈயின் குடலில் ஒட்டுண்ணி பெருகுவதைக் கண்டனர்.

மூட்டைப்பூச்சிக்குக் காட்டப்பட்ட அதே வகைச் சான்றுதான் இதுவும். ஆனால் இம்முறை ஆராய்ச்சியாளர்கள் அவசரப்படவில்லை. கடித்து நோய் வர வேண்டும். அதுவரை ஒப்புக்கொள்வதில்லை என்று உறுதியாக இருந்தனர். 1930-களில் ஹாம்ஸ்டர் என்னும் எலியின விலங்குகளிடம் ஓரிரு வெற்றிகள் கிடைத்தன. ஆனால் மீண்டும் மீண்டும் செய்து காட்டும்படியான வெற்றி கைகூடவில்லை.

தடை எங்கே இருந்தது என்று பாருங்கள். ஆய்வகத்தில் ஈக்களுக்கு இரத்தத்தை மட்டுமே திரும்பத் திரும்ப உணவாகக் கொடுத்து வந்தனர். இயற்கையில் மணல் ஈ தாவரச் சாறுகளின் இனிப்பையும் உறிஞ்சி வாழ்கிறது. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்மித்தும் அவருடைய துணைவர்களும், நோயாளியின் இரத்தம் குடித்த ஈக்களுக்கு அடுத்த வேளை உலர்ந்த திராட்சையைக் கொடுத்தனர். ஈக்கள் நீண்ட நாள் வாழ்ந்தன. ஒட்டுண்ணிகள் குடலின் முன்பகுதியை அடைக்கும் அளவுக்குப் பெருகின. அடைபட்ட ஈ மறுபடி கடிக்க முயலும்போது ஒட்டுண்ணிகள் காயத்துக்குள் இறங்குகின்றன.

இம்முறையைப் பின்பற்றி சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் 1942-இல், மணல் ஈயின் கடியால் மனிதத் தொண்டர்களுக்கு நோய் வருவதை மெய்ப்பித்தனர். அத்தகைய சோதனைக்கு இன்றைய அறநெறிக் குழுக்கள் எளிதில் இசையமாட்டா. 1922-லேயே உபேந்திரநாத் பிரம்மச்சாரி உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்து அக்காலத்தில் கையிருப்பில் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்தத் தொண்டர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

டி.டி.டி. தந்த நிம்மதி

1953-இல் இந்தியாவில் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. கொசுவுக்காகச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. மணல் ஈயும் சேர்ந்து மடிந்தது. 1960-களில் காலா அசார் கிட்டத்தட்ட மறைந்தே போயிற்று. தெளிப்பு நின்ற பகுதிகளில் ஈ திரும்பியது. பின்னாலேயே நோயும் திரும்பியது. 1977-இல் பீகாரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பாதிக்கப்பட்டனர் என்று மதிப்பிடப்பட்டது.

வேறொரு பூச்சிக்கு வைத்த குறியில் தற்செயலாகக் கிடைத்த வெற்றி அது. அதை அப்படியே உணர்ந்திருந்தால், மணல் ஈயின் வாழ்க்கையைத் தனியாக ஆராயத் தொடங்கியிருப்போம். அது கொசுவைப் போன்றதன்று. கொசுவில் மூன்றில் ஒரு பங்கு உருவம், ஓசையின்றிப் பறக்கும், முட்டையிடுவது தண்ணீரில் அன்று, மாட்டுத் தொழுவம் போன்ற இடங்களின் ஈரமண்ணிலும் சுவர் வெடிப்புகளிலும். அதன் புழுவைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆயினும் திரும்பிவந்த நோய்க்கும் பழைய டி.டி.டி.யே மருந்தாயிற்று.

பூச்சிகள் டி.டி.டி.யைத் தாங்கப் பழகிவிட்ட செய்திகள் 1990-களிலேயே பீகாரிலிருந்து வந்தன. 2015-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியான ஓர் ஆய்வு இரண்டு உண்மைகளைச் சொன்னது. ஈக்களிடம் டி.டி.டி. எதிர்ப்பு பரவலாக இருந்தது. சதுர மீட்டருக்கு 1 கிராம் படிய வேண்டிய மருந்து பெரும்பாலான வீட்டுச் சுவர்களில் அந்த அளவுக்குப் படியவே இல்லை. அதன் பிறகு செயற்கைப் பைரித்ராய்டு மருந்துக்கு மாறினார்கள். இந்தச் சோதனையை ஆண்டுதோறும் செய்திருந்தால் எத்தனை குடும்பங்கள் துன்பத்திலிருந்து தப்பியிருக்கும்! சுவரைச் சுரண்டி மருந்தின் அளவைப் பார்ப்பது பெரிய விஞ்ஞானம் அன்று. பார்க்க வேண்டும் என்ற எண்ணம்தான் இல்லை.

வலை கற்பித்த பாடம்

பூச்சிமருந்து தோய்ந்த கொசுவலை மலேரியாவைக் குறைக்கிறது. ஆகவே மணல் ஈயையும் தடுக்கும் என்பது இயல்பான ஊகம். இம்முறை அதைச் சோதித்தே பார்த்தனர். இந்தியாவிலும் நேபாளத்திலும் 26 குடியிருப்புகளைத் தேர்ந்து, பாதிக்கு மருந்து தோய்ந்த வலைகளை வழங்கி, இரண்டு ஆண்டுகள் கவனித்தனர். 2010-இல் முடிவு வெளிவந்தது. வலை பெற்ற குடியிருப்புகளில் புதிதாக ஒட்டுண்ணி தொற்றியவர்கள் 5.4 சதவீதம், பெறாதவற்றில் 5.5 சதவீதம். வேறுபாடு இல்லை!

இதிலிருந்து "வலை பயனற்றது" என்று எழுதுவதும் அவசரமே. வலை பெறாத குடியிருப்புகளிலும் பலர் சாதாரண வலைக்குள் தூங்கினர். வங்காள தேசத்தில், வீட்டிலிருந்த வலைகளையே மருந்தில் தோய்த்த ஆய்வில் நோய் குறைந்தது. ஒருவேளை ஈ, மக்கள் வலைக்குள் போகுமுன்பே கடிக்கிறதா? வீட்டுக்கு வெளியே கடிக்கிறதா? 2010-களில் பீகார் கிராமங்களில் நடந்த ஆய்வுகள், வீட்டுக்குள் மட்டுமே வாழ்வதாகக் கருதப்பட்ட இந்த ஈயைச் செடிகொடிகளிலும் பனைமரங்களின் உச்சியிலும்கூடப் பிடித்தன. சுவரில் தெளிக்கும் மருந்து பனை உச்சிக்கு எட்டுமா?

ஈயிடமே கேட்ட ஆய்வு

குறைகளை மட்டும் சொல்வது விமர்சனமாகாது. 2021-இல் வெளியான முசாபர்பூர் ஆய்வு பாராட்டுக்குரியது. அங்கே ஆய்வகத்தில் வளர்த்த, நோயற்ற மணல் ஈக்களைப் பலதரப்பட்ட மனிதர்களைக் கடிக்கச் செய்து, எவரிடமிருந்து ஈக்கு ஒட்டுண்ணி தொற்றுகிறது என்று பார்த்தனர். காலா அசார் நோயாளிகள் 77 பேரில் 42 பேரிடமிருந்து தொற்றியது நுண்ணோக்கியில் தெரிந்தது. மருத்துவம் முடிந்து ஒரு மாதத்தில் எவரிடமிருந்தும் தொற்றியதாக நுண்ணோக்கி காட்டவில்லை. ஒட்டுண்ணி இருந்தும் நோய்க்குறி இல்லாத 183 பேரை ஆராய்ந்ததில், ஒருவரிடமிருந்துகூட ஈக்குத் தொற்றியதாக நுண்ணோக்கி காட்டவில்லை. ஆனால் காலா அசார் குணமான பிறகு தோலில் முடிச்சுகள் தோன்றிய நோயாளிகளிடமிருந்து மிக எளிதில் தொற்றியது. இவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அதனால் மருத்துவமனைக்கும் போவதில்லை.

1942-இன் கட்டுப்பாட்டை இந்த ஆய்வில் மீண்டும் காண்கிறோம். ஊகிக்காமல் ஈயையே சாட்சிக் கூண்டில் ஏற்றிய ஆய்வு இது. உடனே மருத்துவம் செய்தால் பரவல் குறையும் என்பதும், தோல் நோயாளிகளைத் தேடிப் போக வேண்டும் என்பதும் இதனால் உறுதிப்பட்டன.

பத்தாயிரத்தில் ஒருவர்

இந்தியாவில் 2007-இல் 44 ஆயிரத்துக்கு மேல் இருந்த ஆண்டு நோயாளர் எண்ணிக்கை, 2023-இல் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. விரைவான இரத்தச் சோதனையும் ஒரே தவணையில் முடியும் மருந்தும் செய்த பெரும் பணி இது, மறுப்பதற்கில்லை. ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாக நோய் வந்தால் பொதுநலப் பிரச்சினை என்ற நிலை நீங்கியதாகக் கொள்வது இந்தியாவின் வரையறை. வங்காள தேசம் 2023-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் சான்றையும் பெற்றுவிட்டது.

ஆனால் "பத்தாயிரத்தில் ஒருவர்" என்பது நிர்வாகம் வகுத்த எல்லை. மணல் ஈ அறிந்த எல்லை அன்று. நோயாளிகள் குறைந்தாலும் ஈக்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுத் தொழுவங்களிலும் இதே அர்ஜென்டிபெஸ் வாழ்கிறது. இலங்கையில் 1992-இல் உள்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளி அறியப்பட்ட பிறகு, இதே டோனவனி இனம் தோல் புண்ணாகப் பரவி வருகிறது. நோய் மறைந்ததும் ஈயை மறந்த தவறுக்கு 1977 விலை கொடுத்தது. எண்ணிக்கை குறைந்த இன்றுதான் ஈயைப் பிடித்து, மருந்துக்கு மடிகிறதா, உள்ளே ஒட்டுண்ணி உள்ளதா என்று ஆண்டுதோறும் சோதிக்கும் பூச்சியியலாளர்கள் தேவை. அவர்களுக்கான பணியிடங்களையும் செலவையும் வெட்டிவிட்டு வெற்றி விழா கொண்டாடுவது நல்ல கணக்கு அன்று.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை "மணல் ஈ" என்று விடை எழுதும்போது, அந்த விடைக்குப் பின்னால் ஒரு மூட்டைப்பூச்சியும் சில உலர்ந்த திராட்சைகளும் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நோய் ஒழிந்தது என்று எவர் சொன்னாலும், "எப்படித் தெரியும்?" என்று பணிவோடு கேளுங்கள்.