பாவு போடும் தெருவில் ஸ்கூட்டி பெப் பிளஸ்

"அக்கா, வண்டியக் கொஞ்சம் எடுங்க. பாவு போடணும்."

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் விடியற்காலை இந்தக் குரல் கேட்டால் உடனே வழிவிட வேண்டும். தெருவின் நீளத்துக்குப் பட்டு இழையை இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் முடிப்பார்கள். எதிர்வீட்டு புல்லட்டுக்குச் சாவியும் வேண்டும், அதை நகர்த்த ஓர் ஆம்பிளையும் எழுந்து வரவேண்டும். நான் பெப் பிளஸ்ஸை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, திண்ணையோரம் தள்ளி, மறுபடி சென்டர் ஸ்டாண்ட் போட்டுவிடுகிறேன். கொஞ்சம் மிதித்தாலே ஏறி நின்றுகொள்கிறது. எனக்கு வயது 56.

இரண்டு மாதமாக ஓட்டுகிறேன். 87.8 சிசி, மைலேஜ் எல்லாம் ஊரறிந்த சங்கதி. என்னைக் கட்டிப்போட்டது அதன் 93 கிலோ எடைதான். 110 சிசி ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் நூறைத் தாண்டிவிடுகின்றன. அந்தப் பத்துப் பதினைந்து கிலோ ஷோரூமில் தெரியாது. முட்டுச்சந்தில் வண்டியைத் திருப்பும்போது தெரியும். வைகாசி கருட சேவையன்று எஞ்சினை அணைத்து, சேலை மூட்டையோடு கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். கை நோகவில்லை.

கியரில்லா ஸ்கூட்டர் நமக்குப் புதிதல்ல. கைனடிக் ஹோண்டா 1984இலேயே வந்துவிட்டது. ஆனால் 1980இல் டிவிஎஸ் 50 மொபெட்டை இறக்கிய ஓசூர் டிவிஎஸ்காரர்களுக்கு, மொபெட் ஓட்டிப் பழகிய கை எவ்வளவு கனம் தாங்கும் என்று தெரிந்திருந்தது. 1990களில் 60 சிசி டூ ஸ்ட்ரோக்கோடு ஸ்கூட்டி வந்தது. 2003இல் ஃபோர் ஸ்ட்ரோக் பெப், 2005இல் பெப் பிளஸ். 2020இல் பிஎஸ் 6 விதிக்காக கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்தது. இத்தனை மாறியும் எடையை நூறு கிலோவுக்கு மேல் ஏற்றவிடவில்லை. அதற்காகவே இந்தக் கம்பெனி மேல் எனக்குத் தனி மரியாதை. இன்று ஆக்டிவா வைத்திருப்பவர்கூட தவறாமல் "ஸ்கூட்டிய எடு" என்றுதான் சொல்கிறார்.

ஆனால் ஒரு எரிச்சல் உண்டு. பிரீத்தி ஜிந்தா விளம்பரக் காலத்திலிருந்தே இது 'பொம்பளைங்க வண்டி' என்று முத்திரை குத்திவிட்டார்கள். தறிக்குழியில் நாற்பது வருஷம் கால் போட்டு முட்டி தேய்ந்த ஆண்கள், அந்தப் பேச்சுக்குப் பயந்து கனமான பைக்கை உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு என் சாவியைக் கொடுத்து ஒரு சுற்று ஓட்டச் சொன்னேன். இறங்கியவர், "கால் ரெண்டும் தரையில நிக்குதேம்மா" என்றார். இப்போது பழைய பெப் பிளஸ் ஒன்று தேடுகிறார்.

அவருக்குச் சொன்னது இதுதான்: ஆக்ஸிலேட்டரை முறுக்கியதும் வண்டி தயங்கி, பிறகு வெட்டி இழுத்தால், பெல்ட்டையும் கிளட்ச்சையும் கழற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். சென்டர் ஸ்டாண்டை நீங்களே பத்துத் தடவை போட்டு எடுத்துப் பாருங்கள்.