அம்பு எந்தப் பக்கம்? 52 வாரக் கொழுந்தும் மூன்று இலவச மென்பொருள்களும்

பக்கத்து லயத்துத் தங்கச்சி விவசாயப் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணே, ஏழு அம்பு வரணும். ஒண்ணுதான் தெரியுது. எங்க பிழை?"

படத்தைப் பார்த்தேன். "கிலோ" என்ற ஒரே ஒரு அம்பு குறுக்கே நீண்டு கிடந்தது. மற்ற ஆறும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து சிவப்புக் கறையாகத் தெரிந்தன. கொழுந்து மடுவத்துக் கொப்பியிலிருந்து அவள் எடுத்து எழுதியது 2024ஆம் ஆண்டின் 52 வாரங்கள். கொழுந்து கிலோ, வேலைக்கு வந்த ஆட்கள், கொழுந்தெடுக்கும் சுற்று எத்தனை நாள், மழை, பகல் வெப்பம், இரவுக் குளிர், வெயில் மணிநேரம் என்று ஏழு நிரல்கள். அவ்வளவையும் ஒரே படத்தில் காட்ட முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பி.சி.ஏ. என்றுதான் மாணவர்கள் சொல்வார்கள்.

பி.சி.ஏ. என்ன செய்கிறது என்று அவளுக்குச் சொல்ல வாசலுக்கு வெளியே காட்டினால் போதுமாக இருந்தது. பத்துக் காம்பரா லயத்தை அதன் கோடியில் நின்று பார்த்தால் ஒரு சுவர்தான் தெரியும். முன்னால் வந்து நின்றால் பத்துக் கதவும் வரிசையாகத் தெரியும். லயம் மாறவில்லை, நாம் நிற்கும் இடம்தான் மாறியது. ஏழு நிரல் உள்ள தரவு ஏழு திசையில் பரந்த ஒரு லயம். அது ஆக அகலமாகத் தெரியும் திசையைக் கண்டுபிடித்தால் அது முதல் கூறு. அதற்குச் செங்குத்தாக இருக்கும் திசைகளில் அடுத்து அகலமானது இரண்டாம் கூறு. அந்த இரண்டையும் அச்சாக வைத்து, வாரத்துக்கு ஒரு புள்ளி குத்தி, நிரலுக்கு ஒரு அம்பு போட்டால் படம் வந்துவிடும்.

கார்ல் பியர்சன் 1901இல் இதை வடிவியலாக எழுதினார். ஹரால்ட் ஹோட்டலிங் 1933இல் இன்றைய பெயரையும் முறையையும் கொடுத்தார். புள்ளியையும் அம்பையும் ஒரே படத்தில் வைக்கும் இரட்டைப் படம், அதாவது பைபிளாட், 1971இல் ரூபன் கேப்ரியல் தந்தது. நம் பக்கத்துப் பெயர் ஒன்றையும் மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றிய சி. ஆர். ராவ் 1964இல் 'சங்க்யா' இதழில் எழுதிய கட்டுரை, இந்தப் பகுப்பாய்வை நடைமுறை ஆய்வில் எப்படிப் பயன்படுத்துவது, எப்படிப் பொருள் கொள்வது என்பதைப் பற்றியே. ராவ் 102 வயது வரை வாழ்ந்து 2023இல்தான் காலமானார்.

தேயிலைக்கு இது அந்நியமான முறை அல்ல. தியாபிளேவின், தியாரூபிகின், கஃபீன், சாயத்தின் நிறம் என்று ஒரு கோப்பைத் தேநீரைப் பத்து எண்ணாக அளந்துவிட்டு, எந்த மாவட்டத்துத் தேயிலை எதோடு சேர்கிறது என்று பார்க்க உலகெங்கும் ஆய்வாளர்கள் பி.சி.ஏ.யைத்தான் எடுக்கிறார்கள். தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும், 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் இதைப் படிப்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பொத்தானை அழுத்தியதும் வரும் படத்தை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிடுகிறார்கள். அதனால் ஆர், ஜமோவி, பாஸ்ட் ஆகிய மூன்று இலவச மென்பொருள்களிலும் அவளுடைய தாளை ஓட்டிப் பார்த்தோம்.

முதலில் ஆர். தங்கச்சியின் கறைப் படம் இதில் வந்ததுதான். கட்டளையில் பிழை இல்லை. 'பி.ஆர்.காம்ப்' என்ற கட்டளை ஒவ்வொரு நிரலிலிருந்தும் சராசரியைத் தானாகவே கழிக்கும், ஆனால் அளவை மட்டும் சமப்படுத்தாது. 'ஸ்கேல்' என்பதற்கு 'ட்ரூ' என்று நாம் கேட்டால்தான் சமப்படுத்தும். கொழுந்து ஆயிரக்கணக்கான கிலோவில் ஏறி இறங்குகிறது. இரவுக் குளிர் நாலைந்து பாகைக்குள் அடங்குகிறது. பெரிய எண்களில் ஏறி இறங்கும் நிரலைத்தான் ஆர் அகலமான திசை என்று எடுத்துக்கொள்கிறது. கிலோவைத் தொன்னாக மாற்றி எழுதினால் கொழுந்தின் அம்பு காணாமலே போய்விடும், மழைதான் முதல் கூறாக வந்து நிற்கும்.

பல தோட்டங்களை ஒப்பிடுகிற மாணவருக்கு இது இன்னும் ஆபத்து. மலையகத்தில் உயரத்தை அடியில்தான் பேசுகிறோம். 4,000 அடிக்கு மேலே விளைவது உயர்நிலத் தேயிலை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆய்வேட்டில் அதையே 1,200 மீற்றர் என்று எழுத வேண்டும். ஒரு மீற்றர் 3.28 அடி, ஆகவே அதே மலை அடியில் எழுதப்பட்டால் அதன் மாறல் ஏறக்குறைய 10.8 மடங்கு பெருகும். நுவரெலியா நகரம் 6,128 அடியில் இருந்தாலும் 1,868 மீற்றரில் இருந்தாலும் பனி ஒன்றுதான், சமப்படுத்தாத பி.சி.ஏ.க்கு அவை இரண்டு வேறு ஊர்கள்.

இதை உங்கள் கணினியிலேயே சரிபார்க்கலாம். ஆர் மென்பொருளுக்குள் 'யூ.எஸ்.அரெஸ்ட்ஸ்' என்ற தரவு கூடவே வருகிறது: அமெரிக்காவின் 50 மாநிலங்கள், 1973ஆம் ஆண்டின் மூன்று குற்ற வீதங்கள், நகரவாசிகளின் விழுக்காடு. சமப்படுத்தாமல் ஓட்டினால் முதல் கூறு 96.6 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளும். பார்க்க அற்புதமான முடிவு போலிருக்கும், ஆனால் அது தாக்குதல் வழக்குகள் என்ற ஒரே நிரலின் நிழல்தான். சமப்படுத்தி ஓட்டினால் முதல் கூறு 62, இரண்டாம் கூறு 24.7, இரண்டும் சேர்ந்து 86.8 விழுக்காடு. இதே எண்கள் வந்தால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆரில் பி.சி.ஏ. செய்கிறவர்களுக்கு நான் சொல்வது, 'பேக்டோமைனர்', 'பேக்டோஎக்ஸ்ட்ரா' என்ற இரண்டு பொதிகளையும் இறக்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். பேக்டோமைனர் கேட்காமலே சமப்படுத்தும். அதைவிடப் பெரிய வசதி, ஒரு நிரலைக் கணக்கில் சேர்க்காமல் படத்தில் மட்டும் வைக்க முடியும். மழையையும் குளிரையும் வெயிலையும் கொண்டு படத்தைக் கட்டிவிட்டு, கொழுந்துக் கிலோவைத் துணை மாறியாகப் போட்டோம். வானிலைதான் படத்தை வரைந்தது. அதன்மேல் கொழுந்தின் அம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தனியாகப் பார்க்க முடிந்தது. அவளுடைய ஆய்வுக் கேள்வியே அதுதான்.

பேக்டோஎக்ஸ்ட்ராவின் படம் கண்ணுக்குத் தெளிவு. எழுத்துகள் ஒன்றையொன்று மிதிக்காமல் விலகி நிற்கும், எந்த நிரல் எவ்வளவு பங்களித்தது என்பதை நிறத்தில் காட்டும். அதை வாசிக்கத் தெரிய வேண்டும். இரண்டு அம்புகள் ஒட்டி நின்றால் அந்த இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. எதிரெதிரே நின்றால் ஒன்று ஏற மற்றது இறங்குகிறது. செங்கோணத்தில் நின்றால் தொடர்பு இல்லை. ஆனால் இது நீளமான அம்புகளுக்கு மட்டும். குட்டையான அம்பு, "என்னை இந்தப் படத்தில் பார்க்க முடியாது, மூன்றாம் கூறில் தேடு" என்று சொல்கிறது. அதன் கோணத்தை நம்பி ஒரு வரிகூட எழுதக் கூடாது. இரட்டைப் படத்தில் அம்புகளைப் படத்துக்குள் அடங்குமாறு நீட்டிச் சுருக்கித்தான் போடுகிறார்கள், ஆகவே அம்பின் நுனி ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் இருப்பதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. புள்ளி அம்பின் திசையில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதே கணக்கு. கூட்டங்களைச் சுற்றி வரையும் நீள்வட்டம் அழகாக இருக்கும், ஆனால் வட்டங்கள் ஒன்றோடொன்று உரசவில்லை என்பதை வைத்து "குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு" என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். அது பரிசோதனை அல்ல, அலங்காரம்.

இன்னொரு பயம் குறி பற்றியது. அவளுடைய கணினியில் மழை வலப்பக்கம், என்னுடையதில் இடப்பக்கம். அவள் முகம் வாடிவிட்டது. பிளஸும் மைனஸும் இங்கே தற்செயல். படம் முழுவதும் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பலாம், உள்ளே இருக்கும் தொடர்புகள் மாறாது.

தட்டச்சுக் கட்டளைக்குப் பயப்படுகிறவர்கள் ஜமோவிக்குப் போகிறார்கள். உள்ளே ஓடுவது ஆர்தான், வெளியே எக்செல் போன்ற முகம். எனக்கு ஜமோவி பிடிக்கும். ஆனால் பி.சி.ஏ.க்கு அதைத் திறப்பவர்கள் ஒன்றை உடனே செய்ய வேண்டும்: 'ரொட்டேஷன்' என்ற இடத்தில் 'வேரிமேக்ஸ்' என்று இருப்பதை 'நன்' என்று மாற்ற வேண்டும். வேரிமேக்ஸ் அச்சுகளைச் சுழற்றிவிடும். சுழற்றிய பிறகு முதல் கூறு ஆக அகலமான திசையாக இருக்காது, அதன் விழுக்காடும் இறங்கிவிடும். அது காரணிப் பகுப்பாய்வுக்காரர்களுக்குத் தேவைப்படும் வேலை. விரிவுரையில் படித்த பி.சி.ஏ. அது இல்லை. தவிர, 0.3க்குக் கீழே உள்ள எண்களை ஜமோவி அட்டவணையில் மறைத்துவிடுகிறது. வெற்றுக் கட்டத்தைப் பார்த்து "தொடர்பே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

எண்ணும் வேறுபடும். யூ.எஸ்.அரெஸ்ட்ஸில் தாக்குதல் வழக்குகளுக்கு ஆர் 0.58 என்று காட்டும் இடத்தில், சுழற்றாத ஜமோவி 0.92 என்று காட்டும். குறியை விட்டுவிடுங்கள். முதல் கூறின் நியமவிலகல் 1.575, 0.583ஐ அதனால் பெருக்கினால் 0.92. இரண்டும் ஒரே செய்திதான், ஒன்று திசையைச் சொல்கிறது, மற்றது இணைபுக் குணகத்தைச் சொல்கிறது. ஜமோவியைப் போலவே காட்டும் எஸ்.பி.எஸ்.எஸ். வைத்திருக்கும் விரிவுரையாளரோடு ஆர் வைத்திருக்கும் மாணவி சண்டை பிடிக்க வேண்டியதில்லை. ஜமோவியின் பெரிய குறை, இரட்டைப் படம் அடிப்படைப் பட்டியலில் இல்லை. தனியாக ஒரு பொதி சேர்க்க வேண்டும்.

மூன்றாவது பாஸ்ட். ஒஸ்லோவின் ஓய்விந்த் ஹாமர் தொல்லுயிரியலுக்காகச் செய்தது, 2001இல் வெளிவந்தது. சிறிய கோப்பு, நிறுவவே வேண்டாம்; பென் டிரைவில் போட்டு அட்டனில் எந்தக் கணினியிலும் திறக்கலாம். மழை நாளில் சிக்னல் விழுந்துபோகும் டிவிஷன்களில் இதன் அருமை தெரியும். மாறல் அணியா, இணைபு அணியா என்று கண்ணெதிரே தெரிவுசெய்ய வைக்கிறது. அலகுகள் வேறுவேறாக இருந்தால் இணைபு. எத்தனை கூறுகளை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க உடைந்த குச்சிக் கோட்டையும் வரைந்து காட்டுகிறது. படம் அழகில்லை. அவசரமாகத் தரவை முதல்முறை பார்க்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

வெற்றுக் கட்டங்கள் எல்லாத் தோட்டக் கொப்பியிலும் இருக்கும். மூன்று வாரங்களுக்கு வெயில் மணி இல்லை. அந்த வாரங்களையும் சேர்த்து ஓட்டியபோது பி.ஆர்.காம்ப் பிழை என்று நின்றுவிட்டது. பேக்டோமைனர் சராசரியைப் போட்டு நிரப்பிவிட்டு எச்சரிக்கை ஒன்றைச் சிவப்பில் எழுதியது. அதைத் தங்கச்சி படிக்காமல் கீழே தள்ளிவிட்டாள். முரட்டுத்தனமாக நின்றுபோவதே மாணவர்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

தமிழில் பெயர் போடலாமா என்று கேட்டாள். போடலாம். விண்டோஸில் ஆர் 4.2க்குப் பிறகு தமிழ் எழுத்து சிதையாமல் உள்ளே போகிறது. படத்தைச் சேமிக்கும்போது சாதாரண பி.டி.எஃப். கட்டளை தமிழைக் கொடுக்காது. 'ராக்' என்ற பொதி வழியாகச் சேமித்தால் "கொழுந்து" கொம்பும் காலும் கலையாமல் வரும்.

எல்லாம் சரிசெய்து வரைந்த படத்தில் ஒரு புள்ளி மட்டும் கீழ் மூலையில் தனியாகக் கிடந்தது. 44ஆம் வாரம். இரண்டாம் கூறை அந்த ஒரு புள்ளியே இழுத்துப் பிடித்திருந்தது. மழை இல்லை, குளிர் இல்லை, கொழுந்தும் ஆட்களும் மட்டும் விழுந்திருந்தன. அடுப்படியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்த அவளுடைய அம்மா, "அது எந்த மாசம்?" என்று கேட்டார். அக்டோபர் கடைசி என்றாள். "தீபாவளி வாரம்டி. யாரு மலைக்குப் போனா?" அந்த வாரத்தை எடுத்துவிட்டு ஓட்டினோம், இரண்டாம் கூறில் வெயிலும் இரவுக் குளிரின் பாகையும் எதிரெதிரே வந்து நின்றன. வானம் தெளிந்த நாட்களில் பகலில் வெயில், இரவில் கடும் குளிர். தை, மாசியில் விடியற்காலைப் பனியில் நின்றவர்களுக்கு அந்த அம்புகளை விளக்கத் தேவையில்லை.

அம்மா சொன்ன இரண்டாவது விஷயத்துக்குப் பிறகு நாங்கள் மடிக்கணினியை மூடிவிட்டோம். மழை அம்பும் கிலோ அம்பும் செங்கோணத்தில் நின்றதைக் காட்டி, மழைக்கும் கொழுந்துக்கும் தொடர்பில்லை என்று தங்கச்சி விளக்கினாள். "மழை நாள்ல தண்ணிக்கின்னு கிலோ கழிப்பாங்களே, அது கழிச்ச கணக்கா, கழிக்காத கணக்கா?" கொப்பியைப் புரட்டினோம். கழித்த கணக்கு. ஈரக் கொழுந்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற வழக்கு மடுவத்தில் தலைமுறையாக நடப்பது; அந்த வழக்கே அவளுடைய ஒரு நிரலுக்குள் கலந்திருந்தது. மழை கூடும்போது கழிவும் கூடினால், கிலோ நிரலில் மழையின் பங்கு முன்பே அடங்கிவிட்டது. எந்த மென்பொருளும் இதை எச்சரிக்காது.

ஆய்வேட்டுக்கு ஆரும் அந்த இரண்டு பொதிகளும், முதல் பார்வைக்குப் பாஸ்ட், கட்டளை எழுத வராதவர்களுக்குச் சுழற்சியை நிறுத்திய ஜமோவி. தங்கச்சிக்கு இப்போது எட்டாவது நிரல் ஒன்று இருக்கிறது, தலைப்பு "கழிவு". கொப்பியில் சின்ன எழுத்தில் ஓரத்தில் குறித்திருப்பதை அம்மா வாசிக்க வாசிக்க அவள் அடிக்கிறாள். ஜூன் மூன்றாம் வாரம் வரை வந்திருக்கிறார்கள்.