பெயருள்ள மறுப்பும் பெயரற்ற காத்திருப்பும்: நன்னன் கதையும் வேலூர்த் தூக்குக் கொட்டடியும்

ஆய்வுச்சுருக்கம்

மரண தண்டனை குறித்த தமிழ்த் திறனாய்வு பெரிதும் சிலப்பதிகாரத்தைப் பற்றிக்கொண்டு அவசரத் தீர்ப்பின் தீங்கையே பேசிவந்துள்ளது. தண்டனைக்கும் அதன் நிறைவேற்றத்திற்கும் இடையே நீளும் காத்திருப்பின் அறம் எத்தகையது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. குறுந்தொகை 292, புறநானூறு 46, 151 ஆகிய பாடல்களும், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இணைத்து வாசிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மரண தண்டனை, கருணை மனு, நன்னன், கோவூர்கிழார், பேரறிவாளன், ஜவ்வாது மலை

முன்னுரை

வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. அதற்கு வடக்கே வேலூர் மத்தியச் சிறை. மேற்கே, ஏலகிரிக்கு அப்பால், பேரறிவாளனின் ஊரான சோலையார்பேட்டை. தெற்கு அடிவாரத்தில், மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னனின் செங்கம். செங்கம் வட்டார நடுகற்கள் பலவற்றில் அரசனின் ஆட்சியாண்டும், வீழ்ந்தவன் பெயரும், அவன் வீழ்ந்த காரணமும் பொறிக்கப்பட்டுள்ளன. யார், எப்போது, எதனால் என்பதைக் கல்லில் எழுதிவைத்த நிலப்பகுதி இது. இதே மலையின் வடபுறத்தில்தான், இன்னார் தீர்மானித்தார் என்று எவரையும் சுட்ட முடியாத ஒரு காத்திருப்பு நிகழ்ந்தது.

நன்னனின் மறுப்பு

குறுந்தொகை 292 பரணர் பாடல். நீராடச் சென்ற பெண் ஒருத்தி, ஆற்றுநீர் அடித்துவந்த மாங்காயைத் தின்றாள். அது நன்னனின் காவல்மரத்துக் காய் என்பர் உரைகாரர். அவன் அவளுக்குக் கொலைத்தண்டம் விதித்தான். எண்பத்தொரு யானைகளையும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் ஈடாகத் தர முன்வந்தும் அவன் ஏற்கவில்லை. (இந்நன்னனையும் செங்கத்து நன்னனையும் பெயரொற்றுமை கருதி ஒருவராக்கிவிடும் பிழை இன்றும் நேர்கிறது. ஆய்வாளர் பெரும்பாலோர் இருவரையும் வேறுபடுத்துவர்.)

இது ஓர் அகப்பாடல் என்பதைப் போதிய அளவு நாம் கருதவில்லை. இரவெல்லாம் உறங்காது மகளைக் காக்கும் தாயைச் சபிப்பதற்கே நன்னன் இங்கு உவமையாகிறான். கதையை விரிக்காமலே ஒருவரைச் சபிக்கப் பயன்படும் அளவிற்கு அப்பெயர் ஊரறிந்த பழியாகிவிட்டது. புறநானூறு 151-இல் பெருந்தலைச் சாத்தனார் இளவிச்சிக்கோவைத் தழுவ மறுக்கிறார். அவன் நன்னன் மரபினன் என்பது அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று. பாடுநர்க்கு அடைத்த கதவும் அங்கே சேர்த்துச் சொல்லப்படுவதால், பெண்கொலையே முழுக் காரணம் என்று துணிவதற்கில்லை. ஆயினும் மறுத்தவனின் பெயர் வழித்தோன்றலையும் தொடர்ந்தது என்பதில் ஐயமில்லை.

புறநானூறு 46 இதன் மறுபக்கம். மலையமானின் சிறுவரை யானைக்கு இடவிருந்த கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் தடுக்கிறார். அவர் செய்வது இரத்தல் அன்று, காட்டுதல். புறாவின் துயர் தீர்த்தவன் மரபினன் நீ என்று அரசனுக்கு அவனையே காட்டுகிறார்; பிறகு, யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, மன்றத்தைக் கண்டு புதிதாய் அஞ்சும் குழந்தைகளைக் காட்டுகிறார். இனி உன் விருப்பம் என்று முடித்துவிடுகிறார். அரசன் சிறுவரைப் பார்த்தாக வேண்டும். பார்த்தபின் விடுவிக்கவோ கொல்லவோ வேண்டும். எதைச் செய்தாலும் அது அவன் பெயரில் நிற்கும். கருணை வேண்டலுக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய, மிகச் சிறந்த சான்று இது என்பது என் கருத்து.

கோப்பில் கிடந்த பதினோராண்டு

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியுடன் காவலர்கள், கட்சித் தொண்டர்கள் உள்ளிட்ட பலர் கொல்லப்பட்டனர். அக்குடும்பங்களின் இழப்பை ஒதுக்கிவிட்டு இவ்வழக்கின் அறத்தைப் பேச இயலாது. அவர்களும் ஒரு முடிவுக்காகக் காத்திருந்தவர்களே.

1998 ஜனவரி 28 அன்று தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்கு மட்டும் அதனை உறுதி செய்தது. நளினியின் தண்டனை 2000-இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. ஏனைய மூவரின் கருணை மனுக்கள் அதே ஆண்டு குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டன. 2011 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டன. கே.ஆர். நாராயணன், அப்துல் கலாம், பிரதிபா பாட்டீல் என மூவர் அப்பதவியில் இருந்த காலம் இது. அவர்களோ அமைச்சரவையின் அறிவுரைப்படி இயங்க வேண்டியவர்கள். உள்துறை அமைச்சகத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மேலும், குடியரசுத் தலைவர் செயலகத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் கோப்பு கிடந்தது. 2011 செப்டம்பர் 9 தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டது. ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்து மாண்டார். 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

தாமதத்தின் அறம் நீதிமன்றங்களுக்குப் புதிய வினா அன்று. 1983-இல் வைத்தீஸ்வரன் என்னும் தமிழ்நாட்டுக் கைதியின் வழக்கில், இரண்டாண்டுத் தாமதமே தண்டனையைக் குறைக்கப் போதும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டே வேறோர் அமர்வு அதற்கு உடன்பட மறுத்தது. பின்னர் திரிவேணிபென் வழக்கில் அரசியலமைப்பு அமர்வு இரண்டாண்டு வரம்பை நீக்கியது. ஜமைக்கா வழக்கொன்றில் இலண்டன் பிரிவி கவுன்சில் 1993-இல் ஐந்தாண்டு என வரையறுத்தது. 2014 ஜனவரி 21 அன்று சத்ருகன் சௌகான் வழக்கிலும், பிப்ரவரி 18 அன்று இம்மூவர் வழக்கிலும், நியாயமற்ற நீண்ட தாமதம் சித்திரவதையே என்று தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கைதிகள் துன்புற்றதாகத் தெரியவில்லை என்ற மத்திய அரசின் வாதம் ஏற்கப்படவில்லை.

தீர்ப்பின் எழுவாய்

மூன்று உயிர்களைக் காத்த தீர்ப்பு அது. எனினும் அதன் மொழியைத் திறனாய்வாளர் உற்றுநோக்க வேண்டும். தாமதம் ஏற்பட்டது, தாமதம் விளக்கப்படவில்லை என்பதே அதன் நடை. தாமதித்தவர் என்றொரு எழுவாய் அதில் இல்லை. நன்னன் மறுத்தான், கிள்ளிவளவன் கேட்டான், பாண்டியன்கூடத் தன் பிழையைத் தானே உரைத்து வீழ்ந்தான். இங்கோ பதினோராண்டும் தாமாகவே கழிந்தனபோல எழுதப்படுகின்றன. செய்தவர் இல்லாத செயலுக்குப் பழியும் இல்லை. அரசின் கொடுமை தண்டனையில் மட்டுமின்றி, எவரும் முடிவெடுக்காமலே ஒருவரை நாள்தோறும் சாவின் முன் நிறுத்த முடிவதிலும் உள்ளது.

அப்படியாயின் விரைந்து தூக்கிலிடுவதே அறமா என்று கேட்கப்படலாம். இவ்வழக்கே அதற்கு மறுமொழி. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்றபின் 2013-இல், வாங்கித் தந்த மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதவில்லை என வெளிப்படுத்தினார். பேரறிவாளன் குற்றவாளி என்ற தீர்ப்பு இதனால் நீக்கப்படவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆனால் 2011 செப்டம்பர் 9 குறித்தபடி கடந்திருந்தால் இச்சொல் பிணத்திற்குப் பின்னர் வந்திருக்கும். காத்திருப்பு வதைத்தது, உண்மையின் ஒரு துண்டு வெளிவரும்வரை அவர் உயிரோடிருக்கவும் அதுவே இடம் தந்தது. இம்முரணைத் தாமதம் என்ற ஒற்றைச் சொல்லால் தீர்க்க முடியாது. மீட்க இயலாத தண்டனை நீடிக்கும்வரை விரைவும் தீங்கு, தாமதமும் தீங்கு.

பேரறிவாளன் எழுதிய ‘தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்’ என்னும் நூலைச் சிறை இலக்கியம் என்று மட்டும் வகைப்படுத்துவது போதாது. கோவூர்கிழார் மன்றத்தில் சிறுவரைக் காட்ட முடிந்தது. கோப்பைப் படிப்பவரோ கைதியைக் காண்பதில்லை. ஆகவே அம்மடல் அரசனை விடுத்து ஊரை விளிக்கிறது. அற்புதம்மாள் அவ்வழக்கை ஊர் ஊராகச் சுமந்து சென்றதும் இதனாலேயே. பாணர் மரபின் பணி ஒரு தாயின் மேல் விழுந்தது.

முடிவுறாத காத்திருப்பு

தண்டனைக் குறைப்புக்குப் பின்னும் இந்நடை மாறவில்லை. எழுவரையும் விடுவிக்குமாறு தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று பரிந்துரைத்தது. ஏழாண்டுகளுக்கு முன் தூக்குக்குக் குறிக்கப்பட்ட அதே தேதி. ஆளுநர் மாளிகையில் அது இரண்டாண்டுக்கு மேல் கிடந்து, 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் உறுப்பு 142-இன்கீழ்ப் பேரறிவாளனை விடுவித்தது. ஏனைய அறுவர் அவ்வாண்டு நவம்பர் 11 அன்று விடுவிக்கப்பட்டனர்.

அவர்களுள் சாந்தன் இலங்கைக் குடிமகன் ஆதலால் சிறையிலிருந்து திருச்சி சிறப்பு முகாமுக்கு மாற்றப்பட்டார். தாயைக் காண யாழ்ப்பாணம் செல்ல அனுமதி கேட்டு அங்கே ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். யாழ்ப்பாணத்திற்கு அவர் உடல் சென்றது.