திகிற்படக் காட்சியும் கண்டி நிலமும்: ஒரு நோக்கு

திகிற்படத்தை இலக்கிய விமர்சகர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. கொலை, துரத்தல், மர்ம முடிச்சு என்பன பொழுதுபோக்குக்குரியன. சமூக உண்மையை உரைக்க ஏற்றன அல்ல என்பது அவர்தம் கருத்து. திகிற்படம் எடுக்க முனையும் மாணவரும் அறியாமலே இக்கருத்தை ஏற்றுவிடுகின்றனர். பாழடைந்த பங்களா, உரத்த பின்னணி இசை, ஹந்தானை மலையின் மூடுபனி ஆகியன இருந்தாற் காட்சி அமைந்துவிடும் என அவர்கள் எண்ணுவதுண்டு. இரு சாராரும் கேட்கத் தவறும் வினா ஒன்றுண்டு. காட்சியொன்றில் அச்சம் எங்கிருந்து பிறக்கிறது?

இதற்கு ஹிட்ச்கொக், பிரெஞ்சு நெறியாளர் ட்ரூபோவுடனான உரையாடலில் அளித்த விளக்கம் பிரசித்தமானது. மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பதை அறியாத பார்வையாளனுக்கு, அது வெடிக்கையில் கணநேர அதிர்ச்சியே கிட்டும். குண்டு இருப்பதையும் அது வெடிக்கும் வேளையையும் முன்னரே அறிந்தவனுக்கோ, மேசையைச் சுற்றி நிகழும் சாதாரணப் பேச்சு முழுவதுமே பதைப்பாக மாறிவிடும். எனவே பதைப்பின் ஊற்று இருள் அன்று, அறிவு.

இவ்விதியைக் கண்டி மண்ணிலேயே எடுக்கப்பட்ட ஒரு புகழ்பெற்ற காட்சியின் மூலம் சோதிக்கலாம். 1984இல் வெளியான ‘இண்டியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒவ் டூம்’ படத்தை இந்தியாவில் எடுக்க நெறியாளர் ஸ்பீல்பேர்க் விரும்பினார். கதையில் ஆட்சேபம் கண்ட இந்திய அரசு தடையாக நின்றமையால், 1983 ஏப்ரலில் படப்பிடிப்பு இலங்கையில் தொடங்கியது. விக்டோரியா அணைக்கட்டு வேலையில் ஈடுபட்டிருந்த பொறியியலாளரின் துணையோடு, கண்டிக்கு அண்மையிலுள்ள மலையிடுக்கொன்றின் குறுக்கே தொங்குபாலம் அமைக்கப்பட்டது. பார்வைக்குக் கயிற்றுப் பாலமாயினும் அதனைத் தாங்கியவை உருக்கு வடங்களே. அதை ஒருமுறைதான் தகர்க்க இயலும் என்பதால், பல கமராக்கள் ஒரே வேளையில் இயங்கின. விழும் மனிதர்களாகப் பொம்மைகள் பயன்பட்டன. அண்மைக் காட்சிகள் லண்டன் கலையகத்திலும், முதலைகள் புளொரிடாவிலும் படமாக்கப்பட்டன.

தொழில்நுட்ப நோக்கில் இக்காட்சி குறைகூறற்கு அரியது. நாயகன் பாலத்தை வெட்டப்போகிறான் என்பதைப் பகைவர் உணருமுன் பார்வையாளன் உணர்ந்துகொள்கிறான். ஹிட்ச்கொக்கின் விதி செவ்வனே பேணப்பட்டுள்ளது. வெவ்வேறு இடங்களை வெட்டி ஒட்டி ஓரிடமாக்கும் வித்தையை ரஷ்ய நெறியாளர் குலெஷோவ் 1920களிலேயே செய்து காட்டினார். மாணவர் கற்கவேண்டிய பாடம் அது. ஆயினும் இக்காட்சியில் கண்டி எங்குளது? வட இந்தியக் கிராமமாகக் காட்டப்படும் ஊரில் மக்கள் சிங்களம் பேசுகின்றனர். நிலம் வாடகைக்கு எடுக்கப்பட்டது. அதன் பெயரும் வரலாறும் விலக்கப்பட்டன. அதே ஆண்டு யூலையில் இனவன்செயல் வெடித்தபோது கண்டி நகரிலும் தமிழரின் கடைகள் எரிந்தன. மெய்யான அச்சம் வாழ்ந்த நிலத்தில் பொய்யான அச்சமொன்று சில வாரங்களுக்கு முன்னரே படமாகிச் சென்றிருந்தது.

இதற்கு மறுதலையாக அமைவது சுகதபால செனரத் யாப்பா நெறியாண்ட ‘ஹந்தானே கத்தாவ’ (1969). அது திகிற்படம் அன்று. பல்கலைக்கழக மாணவரின் நட்பையும் காதலையும் கூறுவது. எனினும் பேராதனை வளாகம் அதிற் பேராதனையாகவே தோன்றுகிறது. இடம் கதையின் பின்திரையாக நில்லாது, கதைமாந்தரின் வாழ்வாகிறது.

இடத்தை உண்மையாகக் காட்டலாம் என்பதை அப்படம் உணர்த்துமாயின், மாணவரும் திகிற்படத்தைக் கையாள வல்லவர் என்பதை உணர்த்தியது தமிழ்நாட்டின் ‘ஊமை விழிகள்’ (1986). ஆபாவாணன், அரவிந்தராஜ் முதலிய சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவரின் கூட்டு முயற்சி அது. இளம்பெண்கள் காணாமற்போகும் மர்மத்தைப் பத்திரிகையாளர் துலக்க முற்படுவதே கதை. மர்மத்தின் பின்னே செல்வாக்கும் பணமும் நிற்பதைக் காட்டியதனால், துப்பறியும் கதை சமூக விசாரணையாக விரிந்தது. வணிகத் திரையின் வரம்புகள் அதிலும் உண்டு. ஆயினும் திகில் சமூக உண்மைக்குப் பகையன்று என்பது அங்கே நிறுவப்பட்டது.

இவற்றிலிருந்து, கண்டியில் திகிற்காட்சி எடுக்க முனையும் மாணவன் பெறத்தக்கது யாது? அவனுக்குத் தகர்க்கத்தக்க பாலம் தேவையில்லை. மகாவலியைக் கடக்கும் அக்பர் பாலமே போதும். போர்க்கால இரவொன்றில் ஒரு தமிழ் மாணவன் அதன்மீது நடக்கிறான். மறுகரையிற் சோதனை நடப்பதைப் பார்வையாளன் அறிவான், அவன் அறியான். எதிர்ப்பட்டவர் சிங்களத்திற் பெயரை வினவுகிறார். விடை வருமுன் ஒரு கணத் தாமதம். அத்தாமதத்தில் இசை வேண்டாம், ஆற்றொலி போதும். பெயரைச் சொல்வது எத்தகைய ஆபத்து என்பதை அறிந்த சமூகத்துக்கு அந்தக் கணமே வெடிகுண்டு.

இவ்வச்சம் ஓரினத்துக்கு மட்டும் உரியதன்று. 1989இல் பேராதனை வளாகத்துக் குளத்தைச் சுற்றி வெட்டுண்ட தலைகள் வைக்கப்பட்டன; அந்நாட்களிற் கொல்லப்பட்டோரிற் பெரும்பாலார் சிங்கள இளைஞர். 2018 மார்ச்சில் விக்டோரியா அணைக்கு அண்மித்த திகனப் பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. மூன்று சமூகங்களும் ஏதோவொரு காலத்திற் கதவு தட்டப்படும் ஒலிக்கு அஞ்சியிருக்கின்றன.

மெய்த்துயரைப் பொழுதுபோக்காக்குதல் தகுமா என இங்கே ஒரு தடை எழலாம். அது நியாயமான தடையே. ஆனால் விடை திகிற்கலையின் விதியிலேயே உள்ளது. அதிர்ச்சியை நாடும் நெறியாளன் குருதியைக் காட்டுவான். பிறர் துயரை விற்பவன் அவனே. பதைப்பை நாடுபவன் குருதிக்கு முந்திய கணத்தைக் காட்டுவான். அஞ்சுபவன் அறிந்ததைப் பார்வையாளனும் அறியுமாறு செய்வான். வேறு மொழி பேசும் பார்வையாளன் ஒரு தமிழ் மாணவனின் தாமதத்தை அவனோடு சேர்ந்து சுமக்க நேரின், அங்கே திகில் பரிவாக மாறுகிறது.

ஆகவே, கண்டியில் எடுக்கப்படும் மாணவர் திகிற்படத்தின் தரம் மூடுபனியாலோ கமராவின் விலையாலோ அளக்கப்படத்தக்கதன்று. பாலத்தைக் கடப்பவன் யார், அவன் எதற்கு அஞ்சுகிறான் என்பதைப் படம் அறிந்துள்ளதா என்பதே அளவுகோல்.