வினைமுதல் இல்லாத அறிவுரைகள்: புற்றுநோய்த் தடுப்புத் தொடர்கள் குறித்த திறனாய்வு

முன்னுரை

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவரது முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. இன்று அந்நோயின் பெயரை அறியாதார் அரியர். பெயரை அறிந்தவர் தடுக்கும் வழியையும் அறிந்துகொள்ளத் தடுப்பு அறிவுரைகளின் தமிழ் எந்த அளவு உதவுகிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

அளவுகோல்

வினைமுதல், கருவி, இடம், தொழில், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறையும் வினைச்சொல் உணர்த்தும் என்பது நன்னூலார் கொள்கை. ஒருவரைச் செயலுக்கு அழைக்கும் அறிவுரையையும் இவ்வாறால் அளக்கலாம்.

புகையிலை எச்சரிக்கைகள்

2012 முதல் திரைப்படங்களின் புகைக்கும் காட்சிகளில் எச்சரிக்கை கட்டாயமாயிற்று. அதில் எழுவாயாக நிற்பது ‘புகைபிடித்தல்’ என்னும் தொழிற்பெயர். கருத்து உண்மையே, ஆனால் புகைப்பவர் அத்தொடரில் இல்லை. அவர் அடுத்துச் செய்யவேண்டியதும் இல்லை. 2016இல் புகையிலை உறைகளின் எச்சரிக்கைப் பரப்பு 85 விழுக்காடாக உயர்ந்தது. 2018 செப்டம்பரில், இன்றே விட்டுவிட அழைக்கும் வரியும் 1800-11-2356 என்னும் உதவி எண்ணும் சேர்ந்தன. பரப்பின் பெருக்கம் அச்சத்தைப் பெருக்கியது. எண்ணோ காலம், தொழில், கருவி மூன்றையும் தந்தது. மொழிநிலையில் பின்னதே பெரிய முன்னேற்றம்.

கருப்பைவாய்ச் சோதனை

திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியாயிற்று. அசெட்டிக் அமிலம் தடவி, வெண்மையாகும் இடத்தைக் கண்ணால் காணும் எளிய சோதனை அது. ஒருமுறை சோதித்து உரிய சிகிச்சை அளித்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன.

இப்பயனைச் சொல்லவேண்டிய இடத்தில் ‘விழிப்புணர்வு பெறுவோம்’, ‘முன்கூட்டியே கண்டறிவோம்’ போன்ற தொடர்களே பெருவழக்காக உள்ளன. இவற்றின் தன்மைப் பன்மை எல்லாரையும் உள்ளடக்குவதால் எவரையும் தனித்து அழைப்பதில்லை. ‘முன்கூட்டியே’ என்பது எதற்கு முன் என்பதும் விளங்குவதில்லை. நலமாக இருப்பவருக்கே இச்சோதனை உரியது என்ற அடிப்படைச் செய்தி இதனால் மறைகிறது. உடலில் துன்பம் இல்லாதவர் தமக்கன்று எனக் கடந்துவிடுகிறார்.

ஆலங்குடி வட்டத்துக் கீரமங்கலம் பகுதியில் விடியற்காலை மல்லிகை பறிக்கச் செல்லும் ஒரு பெண்ணை முன்னிலையாகக் கொண்டால் அறிவுரை இவ்வாறு அமையலாம்: “உங்களுக்கு 30 வயது கடந்துவிட்டதா? நலமாக இருந்தாலும் வாருங்கள். செவ்வாய்க்கிழமை பூப்பறித்து முடித்தபின் சுகாதார நிலையத்தில் பெண் செவிலியர் உங்கள் கருப்பைவாயைச் சோதிப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெண்மை தெரிந்தாலே புற்றுநோய் என்று பொருளில்லை. மேலும் சோதித்துப் பார்ப்பார்கள்.” கிழமை ஊருக்கு ஊர் மாறலாம், கிழமையே இல்லாத அழைப்பு பயன்தராது.

முடிவுரை

தெளிவு மட்டும் கூச்சத்தையும் கூலியிழப்பையும் நீக்கிவிடாது என்னும் மறுப்பு ஏற்கத்தக்கதே. எனினும் ‘பெண் செவிலியர்’ என்னும் சொல் கூச்சத்திற்கும், ‘பூப்பறித்து முடித்தபின்’ என்னும் தொடர் கூலிக்கும் விடை கூறுகின்றன. கேட்பவரின் தடையை அறிந்து சொல்லும்போது தெளிவே இணங்கவைக்கும் ஆற்றலாகிறது. 2030க்குள் 70 விழுக்காட்டுப் பெண்களைச் சோதனைக்கு உட்படுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. அதற்கான அறிவிப்புகளை எழுதும் பணியில் மருத்துவத் துறையினருடன் தமிழாய்வாளரும் அமரவேண்டும்.