பாட்டியின் வினாவும் புலவரின் விடையும்

1851 ஆம் ஆண்டு திசெம்பர் 2 ஆந் திகதி, பிரான்சியக் குடியரசின் தலைவனாயிருந்த லூயி நெப்போலியன் படைவலியால் ஆட்சி முழுவதையுந் தன் கைப்படுத்திக்கொண்டான். 4 ஆந் திகதி பாரிசு நகர வீதிகளிற் படையினர் மக்களைச் சுட்டனர். இறந்தோருள் எட்டு வயது நிரம்பாத சிறுவன் ஒருவனும் இருந்தான். அன்றிரவு அவன் வீட்டுக்குச் சென்றவருள் விக்டர் ஹியூகோவும் ஒருவர். பின்னர் அவர் நாடு நீங்கி ஜேர்சித் தீவில் வாழ்ந்தார். 1853 இல் வெளிவந்த 'தண்டனைகள்' என்னும் அவரது தொகுதியில், அவ்விரவின் நினைவாகிய செய்யுள் இடம்பெற்றுள்ளது.

அதன் முற்பகுதியிற் புலவர் தம் உணர்ச்சியைப் பேசுவதே இல்லை எனலாம். தலையில் இரு குண்டுகள் பாய்ந்த உடல். துப்புரவான எளிய அறை. படமொன்றின்மேற் செருகிய, ஆசீர்வதிக்கப்பட்ட சிறு கிளை. பிள்ளையின் சட்டைப்பையில் ஒரு மரப்பம்பரம். இவற்றை அடைமொழி மிகாமற் கூறிச் செல்கின்றார். பம்பரத்தைக் கண்டபின் வேறு புலம்பல் வேண்டியதில்லை. பாட்டி உடலைக் கணப்பருகே கொண்டுசென்று, குளிர்ந்துபோன கால்களைச் சூடாக்க முயல்கின்றாள். அறிவு ஏற்றுக்கொண்டதைக் கைகள் ஏற்கவில்லை. ஆசிரியர் அவனை மெச்சினர் என்கிறாள். தனக்கு வேண்டிய கடிதங்களை அவனே எழுதித் தந்தான் என்கிறாள். (ஈழத்துக் கிராமப் பள்ளிகளிற் கற்பித்தோர் இத்தகைய மாணவரை நன்கறிவர்.) இறந்த மகளின் எச்சமாக அவளுக்கு எஞ்சியவன் அவன் ஒருவனே.

அவளது பேச்சு ஒரு வினாவை நோக்கிச் செல்கின்றது. இவனைக் கொன்றது எதற்காக என்பதைத் தனக்கு விளக்கவேண்டும் என்கிறாள். செய்யுள் இவ்விடத்தில் முடிந்திருக்கலாகாதா என்று தோன்றுவது இயல்பே. ஏனெனில் அடுத்து வருவது ஏளனம். அரசியல் அவளுக்கு விளங்காது எனத் தொடங்கி, அந்த இளவரசனுக்குப் பணம், குதிரை, வேட்டை, கோடையில் ரோசா மலரும் மாளிகை யாவும் வேண்டும் என அடுக்குகின்றார் புலவர். அவலச் சுவை இதனாற் கெட்டதா?

தொல்காப்பியர் அழுகையின் நிலைக்களன்களுள் இழவையும், வெகுளியினவற்றுள் கொலையையும், நகையினவற்றுள் எள்ளலையும் வைத்தார். இங்கே இழவுங் கொலையும் ஒரே உடலில் உள்ளன. அழுகையோடு நின்றிருப்பின், அச்சிறுவன் காய்ச்சலில் இறந்தவனுக்கு ஒப்பாவான், கொன்றவன் மறைந்துவிடுவான். 1843 இல் ஹியூகோவின் மூத்த மகள் சேன் ஆற்றில் மூழ்கி இறந்தாள். அவளை நினைந்து அவர் பாடியவற்றில் இறைவனோடு வழக்காடுதல் உண்டு. இத்தகைய ஏளனம் இல்லை. ஆற்றின்மேற் குற்றஞ் சுமத்த இயலாது. பாரிசில் நடந்ததற்கோ பொறுப்பாளி உளன். அவன் தரக்கூடிய உண்மைக் காரணத்தையே புலவர் பாட்டிக்குச் சொல்லுகின்றார். அக்காரணம் அற்பமானது, ஆகவே விடையும் எள்ளலாகவே அமைகின்றது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. அரசனுக்கு வேண்டியவற்றின் பட்டியல் மிக நீளுகின்றது. ஒரு பம்பரத்தாற் பிள்ளைப்பருவம் முழுவதையுங் காட்டிய கைக்கு இத்தனை பொருள்கள் தேவையில்லை. நெகிழ்ந்துபோகும் அப்பகுதியை மீட்பன இறுதி அடிகளே. அவற்றிற் புலவர் அரண்மனையை விட்டு, முதுமையால் நடுங்கும் விரல்களுக்குத் திரும்புகின்றார். அவ்விரல்கள் ஏழு வயதுப் பிள்ளைகளைப் பிணச்சீலையில் வைத்துத் தைக்கின்றன. முன்னர் ஒரு பாட்டி, ஒரு பிள்ளை. இங்கே பாட்டிமார், பிள்ளைகள் எனப் பன்மையாற் கூறுகின்றார்.